ஒழுகினால் யார் பொறுப்பு?

டென்மார்க் தட்டையான நாடு. அங்கே மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற சில ஊர்களில் வைலேயும் ஒன்று. யூலாந்தின் கிழக்குக் கரையில், கடல் நிலத்துக்குள் நீண்டு நுழையும் ஃபியோர்டின் முனையில் இருக்கிறது. இரண்டு பக்கமும் மரமடர்ந்த சரிவுகள், நடுவில் பள்ளத்தாக்கு. சரிவிலிருந்து இறங்கும் ஓடைகளும் ஆறும் ஊருக்குள் புகுந்துதான் கடலைச் சேர வேண்டும். அடைமழை பெய்தால் மேலிருந்து வெள்ளம். கிழக்கிலிருந்து காற்றடித்துக் கடல் பொங்கினால் கீழிருந்து வெள்ளம். இரண்டும் ஒரே நாளில் வந்தால் என்ன செய்வது என்பது அந்த ஊர் நகராட்சியின் தீராத கவலை.

இந்தக் கவலை நமக்குப் புதிதல்ல. பேரிடர்களைத் தாங்கி எழும் நூறு நகரங்கள் என்று ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஒரு பட்டியல் போட்டது. 2013-ல் முதல் சுற்றிலேயே வைலே அதில் இடம்பிடித்தது. அடுத்த ஆண்டு சுற்றில் சென்னை வந்தது. அதற்கடுத்த ஆண்டு டிசம்பரில் சென்னை பட்ட பாட்டைத் தமிழ் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கோடி பேர் நெருக்கியடிக்கும் மாநகரமும், ஏறக்குறைய அறுபதாயிரம் பேர் வாழும் சிறு நகரமும் தண்ணீரால் உறவாகிப் போயின.

வைலே துறைமுகத்துக்குப் போகிறவர்கள் தவறாமல் படமெடுக்கும் கட்டடங்கள் இரண்டு. ஒன்று ‘பியோல்கன்’, அதாவது அலை. கரையோரத்தில் ஐந்து அலைகள் எழுந்து நிற்பதுபோல ஒன்பது மாடிக் குடியிருப்பு. ஹென்னிங் லார்சன் நிறுவனத்தின் வடிவமைப்பு. முதல் இரண்டு அலைகள் 2009-ல் எழுந்தன. உலகப் பொருளாதார நெருக்கடி வந்து மற்ற மூன்றையும் நிறுத்தி வைக்க, 2018-ல்தான் ஐந்தும் முழுமையாயின. இன்னொன்று ‘ஃபியோர்டன்ஹூஸ்’. கலைஞர் ஓலாஃபுர் எலியாசனும் கட்டடக் கலைஞர் செபாஸ்டியான் பேமானும் உருவாக்கியது. 28 மீட்டர் உயரத்தில், ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் உருளைகளாகத் துறைமுகத்துத் தண்ணீரிலேயே நிற்கிறது. லெகோ பொம்மை நிறுவனத்தைத் தொடங்கியவரின் வழிவந்த குடும்பத்தின் முதலீட்டு நிறுவனத்துக்காக 2018-ல் கட்டி முடித்தார்கள். செங்கற்கள் மட்டும் ஏறக்குறைய 9,70,000.

யார் வடிவமைத்தது என்று எல்லோரும் கேட்பார்கள். என்னைக் கேட்டால், அதைவிடச் சுவையான கேள்வி வேறு இருக்கிறது. வளைந்த செங்கல் சுவரும் வளைந்த கண்ணாடியும் சேரும் இடத்தில், உப்புக்காற்றோடு சாய்ந்தடிக்கும் மழை உள்ளே வராமலிருக்க அந்த ஒரு சாண் இடத்தை வரைந்து கொடுப்பவர் யார்? வரைந்தபடிதான் கட்டினார்களா என்று பார்ப்பவர் யார்? பத்து வருடம் கழித்துச் சுவரில் ஓதம் ஏறினால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

இந்தக் கேள்விகளுக்கென்றே டென்மார்க்கில் ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது.

ரயிலேறினால் கல்லூரி

வைலேயிலிருந்து வடக்கே அரை மணிக்கும் குறைவான ரயில் பயணத்தில் ஹோர்சன்ஸ். பெரிங் நீரிணைக்குப் பெயர் தந்த கடலோடி விட்டுஸ் பெரிங் பிறந்த ஊர். அங்கே ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது வியா பல்கலைக் கல்லூரியின் வளாகம். வைலே சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கட்டுமானப் படிப்பு என்றால் அருகிலிருக்கும் இடம் இது. படித்து வெளியே வருகிறவரைச் சுருக்கமாக ‘கொன்ஸ்ட்ருக்டூர்’ என்கிறார்கள். படிப்பு மூன்றரை ஆண்டு: ஏழு பருவம், 210 ஐரோப்பியக் கிரெடிட். அதில் ஒரு பருவம் முழுக்க ஏதாவது ஒரு நிறுவனத்தில் வேலைப் பயிற்சி.

நம்மூரில் கட்டடம் என்றால் இரண்டு படிப்புகள்தான் நினைவுக்கு வரும். பி.ஆர்க் படித்த ஆர்க்கிடெக்ட் அழகையும் அறைகளின் அமைப்பையும் பார்ப்பார். பி.இ. சிவில் படித்த இன்ஜினியர் கம்பி எத்தனை, தூண் எத்தனை என்று கணக்குப் போடுவார். இருவருக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. சன்னலுக்கு மேலே சன்ஷேடு எந்தச் சரிவில் இருக்க வேண்டும், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை எப்படி முடிக்க வேண்டும், பாத்ரூம் குழாய் தளத்தைத் துளைக்கும் இடத்தைச் சுற்றி என்ன பூச வேண்டும்? பெரும்பாலான சின்ன வேலைகளில் இதையெல்லாம் முடிவு செய்பவர் மேஸ்திரி. அவருக்குத் தெரிந்தால் நம் அதிர்ஷ்டம். தெரியாவிட்டால் முதல் ஐப்பசியில் நமக்குத் தெரிந்துவிடும்.

அந்த இடைவெளியில் நிற்பவர்தான் கொன்ஸ்ட்ருக்டூர். வரைபடம், பொருள், சட்டம், விலை, கால அட்டவணை, கட்டும் இடத்து மேற்பார்வை எல்லாம் அவர் பாடம்.

இந்தப் படிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நுழைவாயில். மேல்நிலைப் பள்ளி முடித்தவர் சேரலாம். தச்சராகவோ கொத்தனாராகவோ முறைப்படி தொழிற்கல்வி முடித்தவரும் சேரலாம். டென்மார்க்கில் தச்சுத் தொழில் கற்பதென்றால் சில வாரம் தொழிற்பள்ளி, பல மாதம் நிறுவனத்தில் வேலை என்று மாறி மாறி ஏறக்குறைய நான்கு ஆண்டுகள். கடைசியில் கையால் ஒன்றைச் செய்து காட்டும் தேர்வு. அப்படித் தேறி, கூரை மேல் நின்று வேலை பார்த்தவரும், பள்ளியிலிருந்து நேராக வந்த பத்தொன்பது வயதுப் பிள்ளையும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். கணினியில் முப்பரிமாண மாதிரி செய்வதில் பிள்ளை கெட்டிக்காரன். “இந்த இடுக்கில் ஆணி அடிக்கக் கை போகாதே” என்று சொல்ல தச்சர்தான் வேண்டும். குழுவாகத்தான் வேலை, குழுவாகச் செய்ததைத் தேர்வாளர் முன் ஒவ்வொருவரும் வாய்மொழியாக நியாயப்படுத்தியாக வேண்டும்.

கல்விக் கட்டணம் கிடையாது, டேனிஷ் குடிமக்களுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தாருக்கும். பெற்றோரை விட்டுத் தனியே வசிக்கும் டேனிஷ் மாணவருக்கு மாதம் ஆறாயிரம் குரோனருக்கு மேல் அரசே உதவித்தொகை தருகிறது. முப்பது வயதுத் தச்சர் வேலையை விட்டுவிட்டுப் படிக்க வருவதன் பின்னால் இந்தப் பணம் இருக்கிறது. அறிவுத்தாகம் மட்டும் வீட்டு வாடகையைக் கட்டிவிடாது.

முதலில் ஒரு சின்ன வீடு

பாடங்கள் தனித்தனித் தாள்களாக இல்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கட்டடம். எல்லாப் பாடமும் அந்தக் கட்டடத்துக்குள். பொதுவாக ஒரு குடும்பம் வாழும் சின்ன வீட்டில் தொடங்குவார்கள். பிறகு அடுக்குமாடி, தொழிற்கூடம், பழைய கட்டடத்தைப் புதுப்பித்தல் என்று வளரும்.

சின்ன வீடுதானே என்று நினைக்கக் கூடாது. அஸ்திவாரத்திலேயே சிக்கல் தொடங்கிவிடும். பனிக்காலத்தில் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து வீங்கி, மேலிருக்கும் சுவரையே தூக்கிவிடும். அதனால் உறைபனி எட்டாத ஆழத்துக்கு, வழக்கமாக 90 சென்டிமீட்டருக்கு, வானம் தோண்ட வேண்டும். நம் ஊரில் கரிசல் மண் வெயிலில் சுருங்கி மழையில் வீங்கி வீட்டை விரிசல் விட வைக்கிறது. மண் வேறு, குணம் அதேதான்.

அடுத்து சுவர். டேனிஷ் செங்கல் நம் செங்கலைவிட மெலிசு: 228 மில்லிமீட்டர் நீளம், 108 அகலம், 54 உயரம். வெளிப்பக்கம் இந்தச் செங்கல் வரிசை. உள்பக்கம் இன்னொரு சுவர், பெரும்பாலும் எடை குறைந்த கான்கிரீட். நடுவே தடிமனாகப் பாறைப் பஞ்சு போன்ற காப்புப் பொருள். இரண்டு சுவர்களையும் துருப்பிடிக்காத கம்பிகள் கட்டிப் பிடித்திருக்கும். 1973-ல் எண்ணெய் விலை ஏறியபோது டென்மார்க் வீடுகளைச் சூடாக்கப் பெரும்பாலும் இறக்குமதி எண்ணெயைத்தான் நம்பியிருந்தது. அந்த அடியில் விழித்துக்கொண்டு 1977-ன் கட்டட விதிகளிலிருந்து காப்புப் பொருளின் தேவையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். சுவர் தடித்தது. வீடு காற்றுப் புகாத பெட்டியானது. வெப்பம் வெளியே போகவில்லை, சரி. ஈரமும் வெளியே போகவில்லையே!

இங்கேதான் படிப்பின் மையம் இருக்கிறது. நான்கு பேர் வாழும் வீட்டில் சமையல், குளியல், துணி உலர்த்தல், மூச்சு என்று நாள்தோறும் பல லிட்டர் நீர் ஆவியாகிறது. உள்ளே 21 டிகிரி, வெளியே பூஜ்யம். வெதுவெதுப்பான ஈரக்காற்று ஒரு துளை கிடைத்தாலும் சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் புகுந்து, குளிர்ந்த பகுதியைத் தொட்டதும் நீராகிவிடும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்வதைப் போல. டம்ளரைத் துடைத்துவிடலாம். சுவருக்குள் கோத்த நீரை யார் துடைப்பது? மரம் மக்கும், பூசணம் பிடிக்கும். வீட்டுக்காரருக்கு முதலில் தெரிவது சுவரின் கறை அல்ல, குழந்தையின் இருமல்.

எனவே ஆவித்தடுப்புத் தாள் ஒன்றைக் காப்புப் பொருளின் வெப்பமான பக்கத்தில், அதாவது வீட்டின் உள்பக்கம் ஒட்டுகிறார்கள். தாளை ஒட்டுவது எளிது. மின்கம்பி துளைக்கும் இடம், உத்தரம் சுவரில் நுழையும் இடம், சன்னல் சட்டத்தின் மூலை ஆகியவற்றை மூடுவதுதான் கடினம். மாணவர்கள் இந்த மூலைகளை ஐந்தில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு அளவில் வரைகிறார்கள். வரைந்ததோடு முடிவதில்லை. புதுவீட்டுக் கதவில் பெரிய விசிறியைப் பொருத்தி, உள்ளே அழுத்தத்தை ஏற்றிக் காற்று எங்கே கசிகிறது என்று அளக்கும் சோதனை இருக்கிறது. 50 பாஸ்கல் அழுத்தத்தில் ஒரு சதுர மீட்டர் தளத்துக்கு நொடிக்கு ஒரு லிட்டருக்கு மேல் கசியக் கூடாது என்பது விதி. வரைந்தவர், கட்டியவர் இருவருடைய வேலையையும் அந்த விசிறி காட்டிக்கொடுத்துவிடும்.

இதை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்து ஒட்டினால் வம்புதான். சென்னையில் ஈரமும் வெப்பமும் வெளியே, ஏ.சி. குளிர் உள்ளே. ஆவி வெளியிலிருந்து உள்ளே வரப் பார்க்கும். டேனிஷ்காரர் ஒட்டிய பக்கத்தில் நாம் தாளை ஒட்டினால் நீரைச் சுவருக்குள்ளேயே சிறைபிடித்தது போலாகும். கட்டுமான அறிவை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கற்க வேண்டியது கேள்வியை: இந்த ஊரில், இந்தச் சுவரில், ஈரம் எந்தப் பக்கமிருந்து வருகிறது?

நம் முன்னோர் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தார்கள். மெட்ராஸ் டெரஸ் தளத்தில் தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டுக் கொட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதித்தார்கள். நீர் தேங்காத வாட்டம் அதன் உயிர். கான்கிரீட் வந்ததும் தளம் தானே நீரைத் தடுக்கும் என்று நினைத்துக்கொண்டு வாட்டத்தை மறந்தோம். இன்று வாளி வாளியாக வெள்ளை ரசாயனம் வாங்கி மாடியில் பூசிக்கொண்டிருக்கிறோம்.

அழுத சுவர்கள்

டேனிஷ்காரர்கள் இதிலெல்லாம் தவறே செய்யாதவர்கள் என்று எண்ண வேண்டாம். 2010 வாக்கில் அந்நாட்டுக் கட்டுமானச் சந்தைக்கு மக்னீசியம் ஆக்சைடு பலகைகள் வந்தன. வெளிச்சுவரின் அலங்கார உறைக்குப் பின்னால் காற்றைத் தடுக்கப் பொருத்துவது. தீப்பிடிக்காது, பூசணம் பிடிக்காது, விலையும் மலிவு. அடுக்குமாடிகள், பள்ளிகள் என்று எல்லா இடத்திலும் ஏற்றினார்கள். டென்மார்க்கின் இலையுதிர் காலக் காற்றில் ஈரம் மிக அதிகம். பலகைகள் அந்த ஈரத்தை உறிஞ்சி, உள்ளிருந்த குளோரைடு உப்பைக் கரைத்து, உப்புநீராக வடிக்கத் தொடங்கின. பலகை அழுகிறது என்றே பேசிக்கொண்டார்கள். உப்புநீர் பட்ட திருகாணிகள் துருப்பிடித்தன, மரச்சட்டங்கள் நனைந்தன. 2015-ல் எச்சரிக்கை வெளியானது. அதற்குள் பல ஆண்டுகள் பொருத்தி முடித்திருந்தார்கள். கழற்றி மாற்றுவதற்கு யார் பணம் தருவது என்று வழக்குகள் நடுவர் மன்றம் வரை போயின.

ஆனால் செய்த தவறை எழுதி வைக்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டு, நமக்கு இல்லை. டென்மார்க்கில் ‘பிக்-எர்ஃபா’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. கட்டடங்களில் நேர்ந்த சேதங்களை ஆராய்ந்து, என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்தமுறை எப்படிச் செய்வது என்று சில பக்கத் தாள்களாக வெளியிடுவதே அதன் வேலை. இவை கட்டுமான மாணவர்களுக்குப் பாடப் பொருள். அடுத்தவர் செய்த தவறைப் பெயரோடு திட்டாமல், வரைபடத்தோடு படிக்கிறார்கள்.

இன்னொன்று, 1986-ல் தொடங்கிய கட்டடச் சேத நிதி. 1960, 70-களில் அவசர அவசரமாக எழுப்பிய தட்டைக்கூரைக் குடியிருப்புகள் வரிசையாக ஒழுகியும் கான்கிரீட் உதிர்ந்தும் போன அனுபவத்தில் பிறந்தது இது. லாப நோக்கில்லாத வீட்டுவசதிச் சங்கங்கள் கட்டும் குடியிருப்புகளுக்கு, கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் இந்த நிதிக்குப் போக வேண்டும். கட்டி முடித்த ஓராண்டில் ஒரு சோதனை, ஐந்தாம் ஆண்டில் மறுசோதனை. இருபது ஆண்டுக்குப் பாதுகாப்பு. டென்மார்க்கில் ஏறக்குறைய ஐந்து வீட்டில் ஒன்று இந்த வகையைச் சேர்ந்தது என்பதால் இது சின்னக் காரியமல்ல.

நம் குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2021-ல் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில், குடிவந்து சில காலத்திலேயே சுவர்ப்பூச்சு கையால் தொட்டாலே உதிர்ந்தது. சட்டமன்றம் வரை பேசினோம், ஐ.ஐ.டி. நிபுணர்களை அழைத்தோம். ஆனால் முதல் ஆண்டிலேயே தானாக வந்து எல்லாக் கட்டடத்தையும் தட்டிப் பார்க்கும் ஓர் ஏற்பாடு இருந்திருந்தால், செய்தித்தாளில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஒப்பந்தம், கரி, பழைய செங்கல்

ஒப்பந்தச் சட்டம் இந்தப் படிப்பில் உறக்கம் வரவழைக்கும் பகுதி என்று நினைக்கத் தோன்றும். நான் அதைத்தான் முக்கியமானதாகக் கருதுகிறேன். ‘ஏபி 18’ என்ற பொது ஒப்பந்த விதிகளை மாணவர்கள் படிக்கிறார்கள். யார் எதற்குப் பொறுப்பு, தாமதமானால் என்ன, ஒப்படைப்பு எப்படி, குறை கண்டால் எத்தனை காலத்துக்குள் கேட்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கட்டும் இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் ஆட்கள், பத்துப் பேருக்கு மேல், ஒரே நேரத்தில் வேலை செய்தால் பாதுகாப்பை ஒருங்கிணைக்கவென்றே ஒருவர் வேண்டும். சாரம் யார் கட்டியது, கழன்றால் யார் பொறுப்பு என்பது விபத்துக்குப் பிறகு தேடும் விஷயமல்ல. முதல் நாளே எழுதி வைக்கும் விஷயம்.

அண்மைக்காலத்தில் சேர்ந்த பாடம் கரிக்கணக்கு. 2023 ஜனவரி முதல் புதுக் கட்டடம் ஒவ்வொன்றும் ஐம்பதாண்டு வாழ்நாளில் எவ்வளவு கரியமில வாயுவுக்குக் காரணமாகும் என்று கணக்குக் காட்ட வேண்டும். ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்டவற்றுக்கு, சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 12 கிலோ என்று வரம்பு வைத்தார்கள். 2025 ஜூலையில் வரம்பைச் சராசரியாக 7.1 கிலோவுக்கு இறக்கி, பெரும்பாலான சிறிய கட்டடங்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். ஆல்போர்க் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு மென்பொருள் இந்தக் கணக்கைப் போடுகிறது. சிமென்ட் எவ்வளவு, கம்பி எவ்வளவு, செங்கல் எவ்வளவு என்று உள்ளிட்டால் விடை வரும். வரம்பைத் தாண்டினால் பொருளை மாற்ற வேண்டும்.

அதனால் பழைய செங்கல்லுக்கு அங்கே மவுசு வந்திருக்கிறது. ஒரு நுட்பம் உண்டு. சுண்ணாம்புக் கலவையில் கட்டிய சுவரை இடித்தால் செங்கல் முழுசாகப் பிரிந்து வரும். கலவையைத் தட்டிவிட்டு மறுபடி கட்டலாம். சிமென்ட் கலவையில் கட்டியதை இடித்தால் கலவை விடாது, செங்கல்தான் உடையும். நம் ஊர்களில் பழைய வீடு இடிக்கிற இடத்தில் செங்கல், கதவு, நிலை, ஓடு எல்லாம் வாங்கி விற்கும் கடைகள் தலைமுறையாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளின் நிலைக்கதவுகள் காரைக்குடிக் கடைகளிலிருந்து எங்கெங்கோ போகின்றன. டென்மார்க் மாணவர்கள் மென்பொருளில் கற்பதை நம் இடிப்பு ஒப்பந்ததாரர்கள் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்துவந்தார்கள். அவர்களை எந்த சிவில் துறையும் ஒரு வகுப்பெடுக்க அழைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

நம் பக்கம்

இன்று கிண்டியில் இருக்கும் பொறியியல் கல்லூரி 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதிலிருந்து தமிழகத்தின் கட்டுமானக் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. நம் பி.இ. சிவில் மாணவர் கணக்கில் டேனிஷ் மாணவருக்குச் சளைத்தவரல்ல. உத்தரத்தின் வளைவையும் மண்ணின் தாங்குதிறனையும் கொன்ஸ்ட்ருக்டூரைவிட ஆழமாகவே படிக்கிறார். இலங்கையில் மொரட்டுவைப் பல்கலைக்கழகம் கட்டடப் பொருளியலுக்கென்று தனித் துறையே வைத்து, அளவை மதிப்பீட்டில் பட்டம் தருகிறது. குறை அறிவில் இல்லை. கட்டும் இடத்துக்கும் வகுப்பறைக்கும் நடுவில் இருக்கிறது.

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். மின்னல் தாக்கியது என்று முதலில் ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. அந்த விளக்கத்தைச் சொல்லத் துணிவு வந்ததே, நம்மிடம் பொறுப்பின் சங்கிலி எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. வரைந்தவர், ஒப்புதல் தந்தவர், மண் சோதித்தவர், கம்பி கட்டியவர் ஆகிய நால்வரின் வேலையும் சந்திக்கும் இடத்தில் நின்று கையெழுத்துப் போடும் ஐந்தாமவர் வேண்டும் என்று நம் பாடத்திட்டம் எப்போதாவது நினைத்திருக்கிறதா?

கையும் வரைபடமும் ஒரே ஆளிடம் இருந்த மரபு நமக்கு உண்டு. மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கிய அரசு நிறுவனம், இன்று கட்டட, சிற்பக்கலைக் கல்லூரியாக மரபுக் கட்டடக் கலையில் பட்டம் தருகிறது. அதன் முதல்வராக இருந்த வை. கணபதி ஸ்தபதிதான் 2000 ஜனவரி 1 அன்று திறந்த கன்னியாகுமரி 133 அடி வள்ளுவர் சிலையை உருவாக்கினார். கல்லின் வெட்டையும் அறிந்து, அளவுநூலும் அறிந்தவர். கோயிலுக்கும் சிலைக்கும் அப்படி ஒருவரைத் தயாரிக்க முடிகிற நாம், இரண்டு படுக்கையறை வீட்டுக்கு ஏன் தயாரிக்கவில்லை?

கொத்தனார் மகன் அல்ல, கொத்தனாரே கல்லூரிக்கு வரும் வழி நம் சட்டத்தில் இல்லாமலில்லை. ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம்; டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆனால் சாரத்தில் நிற்கும் கொத்தனாரில் எத்தனை பேர் ஐ.டி.ஐ. வாசலை மிதித்தவர்கள்? அவர் சித்தாளாக வந்து, பார்த்துப் பார்த்துக் கரண்டி பிடித்தவர். ரசமட்டமும் தூக்குக்குண்டும் அவருக்கு அத்துப்படி, சான்றிதழ்தான் இல்லை. அந்தத் திறனைச் சோதித்துச் சான்று கொடுத்து, வயிற்றுக்குச் சோறும் போட்டுப் படிக்க அழைத்தால்தான் வழி வழியாகும்.

டென்மார்க்கில் வாழும் தமிழர்கள் இந்தக் கதையில் எங்கே? 1980-களில் இலங்கையிலிருந்து அகதிகளாகப் போனவர்கள் யூலாந்தின் சிறு நகரங்களில் குடியமர்ந்தார்கள். அவர்களுடைய குடும்பங்களை வரவிடாமல் 1987-ல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் கோப்புகளை முடக்கிய விவகாரம்தான் 1993-ல் பிரதமர் பவுல் ஷ்லூட்டரைப் பதவி விலக வைத்தது. டேனிஷ் அரசியல் வரலாற்றில் அதற்குப் பெயரே தமிழர் வழக்கு. அப்பாமார் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார்கள். ப்ராண்டேயில் அபிராமி அம்மனுக்குக் கோயில் எழுந்தது. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு டாக்டர், இன்ஜினியர் தவிர இப்படியொரு படிப்பும் இருக்கிறது என்பதை அந்த வீடுகளில் சொல்ல வேண்டும். தச்சு வேலை கற்கப் போகிறேன் என்று பிள்ளை சொன்னால் அம்மாக்கள் முகம் சுருங்கத் தேவையில்லை. அந்தக் கதவு பட்டப்படிப்புக்கும் திறக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து போக நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டேனிஷ் அரசியல் கட்சிகள் 2021-ல் செய்த உடன்பாட்டால் இதுபோன்ற கல்லூரிகளில் ஆங்கில வழி இடங்கள் வெகுவாகக் குறைக்கப்பட்டன. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவருக்கு இலவசமும் இல்லை. ஏஜென்ட் காட்டும் வண்ணத்தாளை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன், கல்லூரியிடமே நேரில் எழுதிக் கேளுங்கள்.

இங்கேயே வீடு வாங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டமான ரேரா 2016-ன் 14(3) பிரிவு, சாவி வாங்கிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து நீங்கள் முறையிட்டால், கட்டி விற்றவர் முப்பது நாளுக்குள் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்கிறது. செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். சுவர் ஓதம் அடித்தாலோ கூரை ஒழுகினாலோ தேதியோடு படமெடுங்கள். வாட்ஸப்பில் புலம்பாமல் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் அனுப்புங்கள்.